இரவு ஒன்பதுக்கு ஷட்டரை இறக்குவோம்

கல்முனை பஸாரில் துணிக்கடையில் நிற்கும் பொடியனுக்குக் காலை ஒன்பதுக்குத் தொடங்கும் வேலை, பல நாட்களில் இரவு பத்துக்கும் முடிவதில்லை. கடைசி ஆள் போன பிறகுதான் விரித்த சாரிகளை மடித்து அடுக்க வேண்டும். அவன் வீட்டுக்குப் போகும்போது உம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு உறங்கியிருப்பார்.

ஏன் இவ்வளவு நேரம்? "பக்கத்துக் கடை திறந்திருக்கே, நான் பூட்டினா யாவாரம் அங்க போயிடும்" என்பார் முதலாளி. பக்கத்துக் கடைக்காரரும் இவரைக் காட்டி அதையே சொல்வார். தனியாகப் பூட்டுகிறவருக்கு நட்டம் என்பது உண்மைதான். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பூட்டினால் யாருக்கு நட்டம்? ஒன்பதரைக்குப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வருகிறவர் ஏழரைக்கு வந்து வாங்குவார்.

இது நம் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகளின் ஷட்டர்கள் வரிசையாக இறங்குகின்றன. அந்த நேரத்தில் யாவாரம் போய்விடுமே என்று எவரும் பதறுவதில்லை, எல்லோரும் பூட்டுகிறார்கள் என்பதால்.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வேலை. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் லீவு. மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. கடைகளைத் திறக்கும், பூட்டும் நேரத்தைக் கட்டளையிட்டு வரையறுக்கவும் அதில் இடமுண்டு. எழுபது வருடமாக இருக்கும் இந்த உரிமைகள் நம் பஸாரில் எத்தனை பொடியன்மாருக்குக் கிடைக்கின்றன?

ஒன்லைன் கடைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் நம்மை விழுங்கிவிடும் என்ற பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் உறங்காத கைபேசியோடு விழித்திருந்து போட்டி போட முடியாது. பொதுக் கட்டளை வந்தால் சூப்பர் மார்க்கெட்டும் அதே நேரத்தில்தான் பூட்டும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. நம் கடைகளின் பலம் வேறு. மருதமுனைச் சாரத்தைத் தொட்டு, நூலைப் பார்த்து வாங்கலாம். அளவு பிழைத்தால் நாளைக்கே மாற்றலாம். மாதக் கடைசியில் கொப்பியில் எழுதிவிட்டுப் போகலாம். இதற்கெல்லாம் முகம் கொடுத்துப் பேசும் ஆள் வேண்டும். பதின்மூன்று மணித்தியாலம் நின்ற காலுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

நோன்பு மாதம் வேறு. தராவீஹ் முடிந்து குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு வரும் அந்த இரவுகளை எந்த நேரக் கட்டுப்பாடும் தொடக் கூடாது. தீபாவளி, புத்தாண்டு யாவாரத்துக்கும் அப்படியே. அந்த நாட்களில் முதலாளிமார் இரண்டு ஷிஃப்டாக ஆட்களை வைக்கட்டும். மருந்துக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் எப்போதும் விலக்கு வேண்டும்.

மற்ற நாட்களில் இரவு ஒன்பது. தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் இரு தரப்பினரும் மாநகர சபையோடும் தொழில் திணைக்களத்தோடும் ஒரே மேசையில் இருந்து இதைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்த நோன்புப் பெருநாள் யாவாரம் முடிந்த மறுவாரமே தொடங்கலாம்.