யூரியா சாக்கில் கட்டி வைத்த கேமரா பை

போன வாரம் சென்னையிலிருந்து தெரிந்தவர் ஒருத்தர் குடும்பத்தோட நம்ம ஐயம்பேட்டைக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். தோளில் கேமரா பை. தெருவில் பாவு நீட்டி வச்சிருந்ததைப் பார்த்ததும் படம் எடுக்க ஆசைப்பட்டுப் பையைத் திறந்தார். உள்ளே விட்ட கையை வெளியே எடுத்தால் விரலெல்லாம் கருப்புப் பிசுபிசுப்பு. பலாப்பழம் அறுத்த கை மாதிரி. "ரெண்டு தடவைதாங்க வெளியே எடுத்திருக்கேன், மத்த நேரமெல்லாம் கவர் போட்டு பீரோவில பத்திரமா வச்சிருந்தேன்" என்றார்.

பத்திரமா வச்சதுதான் தப்புன்னு நான் சொன்னேன். அவர் நம்பலை. விவசாயிக்குக் கேமரா பையைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சிருப்பார். எனக்கு இது புத்தகத்தில் படிச்சு வந்த அறிவு இல்லை, நகை அடகு வச்சு வந்த அறிவு. அதைத்தான் இங்கே எழுதுறேன்.

என் பையன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போறவன். 1 ஏக்கர் 40 சென்ட் நிலத்தை நம்பி மட்டும் எங்க வீட்டில் அடுப்பு எரியாது, அவன் கேமராவும் சேர்ந்துதான் எரியுது. 2018-ல் கடன் வாங்கி கேமரா, ரெண்டு லென்ஸ், பெரிய பை, ஃபிளாஷுக்கு முன்னால மாட்டுற சாஃப்ட்பாக்ஸ், மடிச்சு வைக்கிற வெள்ளி ரிஃப்ளெக்டர் எல்லாம் வாங்கினான். அடுத்த வருஷமே அத்திவரதர் வந்தார். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. வெளியூர்க்காரங்களைத் தெருவில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தே பாதிக் கடனை அடைச்சான்.

2020-ல் கொரோனா. கல்யாணம் எல்லாம் வீட்டுக்குள்ளே 20 பேரோட முடிஞ்சது. பையன் ஒரு கம்பெனி வேலைக்குப் போயிட்டான். போகும்போது, "அப்பா, சாமானைப் பத்திரமா பாத்துக்கோங்க"ன்னு என்கிட்ட ஒப்படைச்சான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல யூரியா சாக்கு ஒண்ணைக் கழுவி, பையை அதுக்குள்ளே வச்சு, நாலு பாச்சை உருண்டை போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, நெல் மூட்டைக்கு மேலே இருக்கிற பரணில் தூக்கிப் போட்டேன். எலி கடிக்கக் கூடாது, தூசி படக் கூடாது. அவ்வளவுதான் என் கவலை.

ரெண்டு மழைக்காலம் போச்சு. 2022 தை மாசம் பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தர் பெண் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். சாக்கை அவிழ்த்ததும் பால் கக்கின குழந்தை துணி மாதிரி ஒரு புளிச்ச நாத்தம். பையின் உள்பூச்சு முழுக்க உருகி, லென்ஸைச் சுத்தி வச்சிருந்த தடுப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கேமராவின் ரப்பர் பிடி கொழகொழன்னு இருந்தது. ரெண்டு லென்ஸிலும் கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. ரிஃப்ளெக்டரைப் பிரிச்சா வெள்ளிப் பூச்சு செதில் செதிலா உதிருது. பையன் ஒரு வார்த்தை பேசலை. அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். என் சம்சாரம் தன் வளையலைக் கழட்டிக் கொடுத்தாள்.

ஏன் இப்படி ஆகுதுன்னு அப்புறம்தான் பையன் விசாரிச்சுச் சொன்னான். மழைக்குத் தாங்குற நைலான் துணியின் உள்பக்கம் பாலியூரிதேன்னு ஒரு பூச்சு பூசுறாங்க. வெளியே கொட்டுற மழையை அது தடுக்கும். ஆனால் காத்தில் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல அதுக்குள்ளே போய் அதன் கட்டை அவிழ்க்கும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். அவிழும்போது ஒரு அமிலம் உண்டாகி, அது மிச்சத்தையும் அரிக்கும். மூடி வச்சிருந்தால் ஈரமும் போகாது, அமிலமும் போகாது. தண்ணியைத் தடுக்கவே பிறந்த பூச்சு தண்ணி ஆவியாலேயே சாகுது. ஓட்டு வீட்டுப் பரண், ஐப்பசி மழை, கீழே நெல்லு, சுத்தி பிளாஸ்டிக் சாக்கு. கொல்றதுக்கு நானே எல்லா ஏற்பாடும் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

இதில் எனக்கு வெட்கமா இருந்தது வேற விஷயம். நான் நெல் காய வைக்கிறவன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேலே காட்டினால் மூட்டையைத் திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்லுவாங்க. வீட்டில் வைக்கிற நெல்லுன்னா 14-க்குக் கீழே காஞ்சாகணும், இல்லேன்னா வெந்துபோகும். ஈரத்தோட எதையும் கட்டி வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச எனக்கு, கேமராவைப் பார்த்ததும் அது மறந்துபோச்சு. விலை உயர்ந்த சாமான்னா நம்ம புத்தி வேலை செய்யாது போல.

என் மச்சான் தறி போடுறவன். குழித்தறி. அவனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, பட்டுப் புடவையை யாராவது பாலிதீன் கவரில் போட்டுப் பூட்டுவாங்களா?"ன்னு கேட்டான். எங்க ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம். பட்டை வெள்ளை வேட்டித் துணியில் சுத்தி வைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து நிழலில் ஆற விட்டு, பழைய மடிப்பை மாத்தி மடிக்கணும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் ஒடியும். பாச்சை உருண்டை புடவை மேலே படக் கூடாது. இதெல்லாம் அப்படியே கேமரா சாமானுக்கும் பொருந்தும்னு ஐயம்பேட்டையில் இருந்துகிட்டே எனக்குத் தெரியலை.

பொருந்துறதுக்குக் காரணமும் இருக்கு. அந்தக் காலத்துக் கேமராவுக்குள்ளே பட்டே இருந்திருக்கு! ஒரு ஸ்டுடியோவை மூடும்போது பையன் ஆசைக்கு பென்டாக்ஸ் கே1000 ஒண்ணு வாங்கினான், ஃபிலிம் போடுறது. பின்பக்கம் திறந்தால் கருப்பா ஒரு திரை. அது ரப்பர் பூசின பட்டுத் துணி. பட்டனை அழுத்தினால் அந்தத் திரை குறுக்கே ஓடும், அந்த இடைவெளியில்தான் வெளிச்சம் ஃபிலிமில் விழும். மச்சான் அதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு, "நெசவு நல்லாத்தான் இருக்கு, ஆனா ரப்பரைப் பூசிட்டா பட்டு எங்க மூச்சு விடும்?"னான். அவன் சொன்னது சரி. இந்தத் திரையில் முதலில் சாகுறது பட்டு இல்லை, ரப்பர்தான். இறுகி, வெடிச்சு, ஊசி முனை அளவு ஓட்டை விழும். அப்புறம் படத்தில் வெள்ளைப் புள்ளி. ஸ்டுடியோக்காரர் சொல்லிக் கொடுத்தது: மாசத்துக்கு ஒரு தடவை ஃபிலிம் இல்லாமலாவது நாலு தடவை அழுத்து, சுருட்டி இழுத்த நிலையில் வைக்காதே, அழுத்தி விட்டுட்டு வை. ஏர் பூட்டாத மாட்டை வாரத்துக்கு ஒரு நாளாவது நடத்திட்டு வர்ற மாதிரி.

அவர்தான் வாகீஸ்வரி கேமராவைப் பத்தியும் சொன்னார். கேரளத்து ஆலப்புழையில் கருணாகரன்னு ஒருத்தர் 1940-களில் செய்ய ஆரம்பிச்ச மரக் கேமரா. இந்தியா முழுக்க ஸ்டுடியோக்களில் இருந்ததாம். அதன் ஆரம்பமே ஒரு கெட்டுப்போன துருத்திதான். அவங்க ஆர்மோனியம் ரிப்பேர் பண்ற குடும்பம். ஒரு ஸ்டுடியோக்காரர் தன் கேமராவின் மடிப்புத் துருத்தி கிழிஞ்சு போச்சுன்னு கொண்டு வந்தார். காத்து போகாம துருத்தி கட்டத் தெரிஞ்சவனுக்கு வெளிச்சம் போகாம கட்ட முடியாதா? அந்த ரிப்பேரில் இருந்து முழுக் கேமராவே பிறந்தது. துருத்தியில் முதலில் போறது மடிப்பு மூலைதான். இருட்டு அறையில் உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி ஓட்டை தெரியும்.

இப்போ எங்க வீட்டில் எப்படி வைக்கிறோம்னு சொல்றேன். மழையில் நனைஞ்சு வந்தாலும், மார்கழி தை பனியில் நனைஞ்சு வந்தாலும் அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் பையிலிருந்து வெளியே எடுத்துடணும். மாட்டுப் பொங்கலுக்கு வரதர் பழையசீவரம் போற வழியில் நம்ம ஊருக்கு வருவார், அன்னிக்கு பனியில் நின்ன பை காலையில் தொட்டால் ஜில்லுன்னு இருக்கும். அழுக்கு இருந்தால் ஈரத் துணியால் துடைக்கிறது. ரொம்ப இருந்தால் வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சம் லேசான சோப்பு, ஸ்பாஞ்சு. வாஷிங் மெஷின் கூடவே கூடாது, துணி மிருதுவாக்குற திரவமும் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய வைக்கிறதும் கூடாது. எனக்கு எதைப் பார்த்தாலும் வெயிலில் போடத்தான் கை வரும், சம்சாரம் தடுத்துடுவாள். கொட்டகை நிழலில், ஜிப்பெல்லாம் திறந்து, தலைகீழா கொடியில் தொங்க விடுறோம். மாடு ஒரு தடவை பட்டையை நக்கிப் பார்த்துச்சு, பிடிக்கலை போல.

கேமராவும் லென்ஸும் பையிலேயே குடியிருக்கக் கூடாது. பை பிரயாணத்துக்கு, வீட்டுக்கு வந்தால் தனித் தனி. லென்ஸை அரிசி போடுற மாதிரி மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோட வைக்கிறோம், உள்ளே ஒரு சின்ன ஈர மீட்டர். 40-லிருந்து 50 வரை காட்டினால் நிம்மதி. இது காத்தின் ஈரம், நெல்லின் 17 வேற கணக்கு, குழப்பிக்காதீங்க. மூடின டப்பான்னா உள்ளே ஈரத்தை உறிஞ்ச ஏதாவது இருந்தே ஆகணும். வெறும் டப்பா என் யூரியா சாக்குதான். பைக்கு டப்பா வேண்டாம், ஆணியில் காத்தாட மாட்டினால் போதும். சாஃப்ட்பாக்ஸ், ரிஃப்ளெக்டர், பின்னால கட்டுற திரை இதையெல்லாம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு, மடிப்பு மாத்தி வைக்கிறோம். திரைத்துணியை முடிஞ்ச வரை மடிக்காம குழாயில் சுத்துறதுதான் நல்லது.

இவ்வளவும் செஞ்சாலும் பூச்சு என்னிக்கோ ஒரு நாள் போகத்தான் போகுது. பட்டு மாதிரி பேத்திக்குக் கொடுக்க முடியாது. அத்திவரதர் 40 வருஷம் குளத்துக்குள்ளே இருந்துட்டு அப்படியே எழுந்து வர்றார், 2059-ல் மறுபடி வருவார். பாலியூரிதேனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனக்குக் கோபம் வர்றது இங்கேதான். விதைப் பையில் பரிசோதிச்ச தேதியும் எதுவரை விதைக்கலாம்ங்கிற தேதியும் போட்டிருக்கு, பூச்சி மருந்து டப்பாவில் காலாவதி தேதி இருக்கு. ஆயிரக்கணக்கில் விலை சொல்ற பைக்கு, என்னிக்குத் தைச்சது, பூச்சு எத்தனை வருஷம் தாங்கும்னு கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டேங்கிறார். பையன் அடுத்து வாங்கினது பாதி விலைக்குக் கிடைச்ச பழைய ஸ்டாக். கடையின் கிடங்கிலேயே எத்தனை மழைக்காலம் பார்த்ததோ, ஒரே வருஷத்தில் தோல் உரிஞ்சுது. "வாட்டர் புரூஃப் தானே எழுதியிருக்கு, நாங்க என்ன பண்றது?"ன்னு பதில்.

அதனால் தள்ளுபடியில் கிடைக்குதேன்னு ரெண்டு பை வாங்கி ஒண்ணைச் சேர்த்து வைக்காதீங்க. வாங்கும்போது மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்க, கடைக்காரர் சிரிச்சால் சிரிக்கட்டும். விரலால் உள்பக்கத்தை அழுத்தி எடுங்க, ஒட்டினால் வச்சுட்டு வந்துடுங்க. என்னைக் கேட்டால் பூச்சே இல்லாத கெட்டியான கான்வாஸ் பை வாங்கி, மழைக்குத் தனியா ஒரு உறை வச்சுக்கிறதுதான் லாபம். உறை போனால் உறையோட போகும், பை நிக்கும்.

சென்னைக்காரர் கையைப் பையன் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு விட்டான். பையின் பிசுக்கையும் அதே ஸ்பிரிட்டால் வழிச்சு எடுக்கலாம், ஆனால் அதோட மழை தாங்குற சக்தியும் போயிடும்னு சொல்லி அனுப்பினோம். போகும்போது அவர் சம்சாரம் எடுத்த புடவையை மச்சான் வெள்ளைத் துணியில் சுத்திக் கொடுத்தான். அவர் அதை வாங்கி, கார் டிக்கியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ளே திணிக்கப் போனார். அவர் சம்சாரம்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க.