மேடை மாறலாம், மன்றம் கலையலாமா?

மலாக்கா பாச்சாங்கிலுள்ள எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. என் மாமா தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நடத்திய சிவாஜி ரசிகர் மன்றத்தின் சந்தாக் கணக்கு அது. அதில் 31 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே லயத்து வீட்டு எண். மாதம் ஒரு வெள்ளி கட்டியதற்கான குறி. பின்னர்த் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானது. அப்போது லயத்து எண்களையெல்லாம் அடித்துவிட்டு, புதிய முகவரிகளை எழுதியிருக்கிறார் மாமா. பாச்சாங், ஆயர் குரோ, ஜாசின், அலோர் காஜா, சிலருக்கு ஜொகூர் பாரு.

சென்ற ஆண்டு அந்த மன்றத்து உறுப்பினர் ஒருவர் காலமானார். மாமா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். மாலைக்குள் ஒன்பது பேர் இறப்பு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தோட்டம் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் மன்றம் கலையவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நானும் ஒரு ரசிகன்தான். இடைநிலைப்பள்ளியில் படித்தபோது இளையராஜா இசையைப் பேசும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே புனைபெயரில் எழுதிய ஈப்போக்காரர் ஒருவர்தான், பாட்டின் அடியில் ஓடும் கிதார் ஒலியைத் தனியே பிரித்துக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்றாண்டுகள் வாரந்தோறும் பேசினோம். ஒரு நாள் அந்தத் தளம் மூடப்பட்டது. அவருடைய உண்மைப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர் இன்று நலமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

மாமாவுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? இருவருமே நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் குடியிருந்தவர்கள். லயம் தோட்ட நிருவாகத்துடையது. தளம் ஏதோ ஒரு நிறுவனத்துடையது. இரண்டையும் உடையவர் நினைத்தபோது மூடலாம். மாமாவிடம் ஒரு நோட்டு இருந்தது, என்னிடம் இல்லை. அவ்வளவுதான்.

இது என் ஒருவனின் கதையன்று. 2000களில் நம் நாட்டு இளைஞர்கள் கூடிய பிரண்ட்ஸ்டர் தளத்தை 2009 டிசம்பரில் மலேசிய நிறுவனமான எம்.ஓ.எல். வாங்கியது. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாறியபோது, பயனர்கள் இட்ட படங்களும் கருத்துகளும் அழிக்கப்பட்டன. 2004இல் தோன்றிய ஆர்குட், 2014 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15ஆம் நாளோடு முடிவுக்கு வந்தன. அங்கே சேர்ந்திருந்த பழைய மடல்கள் அதற்கு முன்பே அகற்றப்பட்டன.

அந்த யாகூவில்தான் சுங்கைப் பட்டாணியில் இருந்தபடி டாக்டர் ஜெயபாரதி 'அகத்தியர்' குழுவை நடத்தினார். கணினியில் தமிழ் எழுதுவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' போன்ற மென்பொருள்களைக் கொண்டு, எழுத்துரு பொருந்தாமல் திண்டாடி, அன்றைய ஆர்வலர்கள் பக்கம் பக்கமாகத் தமிழில் மடல் எழுதினார்கள். அத்தகைய மடல்களை யாராவது தம் கணினியில் சேமித்து வைத்திருந்தால் உண்டு. இல்லையேல் இல்லை.

தளங்கள் மாறும்போது இடம் மட்டும் மாறுவதில்லை. உறவின் தன்மையும் மாறுகிறது. மடற்குழுவில் ஒருவர் எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் அது போய்ச் சேரும். முகநூலிலோ யாருக்கு எதைக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. டிக்டாக்கில் நாம் பெரும்பாலும் பார்ப்பது நம் நண்பர் இட்டதை அன்று. நமக்குப் பிடிக்கும் என அது கணித்ததை. புலனக் குழுவில் இன்று 1,024 பேர் சேரலாம். ஆனால் புதிதாக வருபவருக்குப் பத்தாண்டுக்கு முன்பு பேசியது கிடைக்காது. ஆக, ரசிகர்கள் பெருகினார்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் குறைந்தார்கள்.

புதிய தளங்களால் நன்மையே இல்லையா எனச் சிலர் கேட்கலாம். உண்டு. 2015இல் 'கபாலி' படப்பிடிப்புக்காக ரஜினிகாந்த் மலாக்காவுக்கு வந்தபோது, செய்தி கைத்தொலைபேசி வழியே நொடியில் பரவியது. 2025 டிசம்பர் 27ஆம் நாள் 'ஜனநாயகன்' இசை வெளியீட்டுக்குப் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பியது. அஞ்சலட்டை அனுப்பி இப்படியொரு கூட்டத்தைச் சேர்க்க முடியாது. நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் வேறு, மன்றம் வேறு. அரங்கில் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சேர்ந்து விசிலடித்தவரின் பெயர் மறுநாள் நமக்குத் தெரியுமா? நமக்கொரு துன்பம் என்றால் அவர் வருவாரா?

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறை தளம் மாறும்போதும் சிலரைப் பின்னால் விட்டுவிட்டுத்தான் போகிறோம். வானொலிக்குப் பாட்டுக் கேட்டு அட்டை எழுதிய அத்தையால் முகநூலுக்கு வர முடியவில்லை. முகநூலுக்கு வந்த அண்ணனுக்கு டிக்டாக் பிடிபடவில்லை. அவர்களிடம் இருந்த பழைய பாட்டுப் புத்தகங்களும் நினைவுகளும் அவர்களோடு நின்றுவிடுகின்றன. இளையவர்களுக்கு மூத்தவர்கள் இல்லை. மூத்தவர்களுக்குக் கேட்பவர்கள் இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். எந்தக் குழுவாக இருந்தாலும், உறுப்பினர் விரும்பித் தரும் உண்மைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தளத்துக்கு வெளியே ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அதைப் பொறுப்பான ஒருவர் காக்கட்டும். ஆண்டுக்கொரு முறையாவது ஒரு ரொட்டி சானாய் கடையிலேனும் முகம் பார்த்து அமர்வோம். நல்ல உரையாடல்களை, எழுதியவர் இசைவோடு, அச்சிட்டு வைப்போம். புதிய தளத்துக்குப் போகும்போது, வழி தெரியாத மூத்தவர் ஒருவரையாவது ஆளுக்கொருவராகக் கைபிடித்து அழைத்துப் போவோம்.

பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையும் ஒருவகையில் ரசிகர் மன்றம்தான். நாம் தமிழுக்கு ரசிகர்கள். பட்டம் பெற்று வெளியேறிய அண்ணன்மார், அக்காமார் எத்தனை பேரின் எண்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன? அடுத்த தளம் மூடப்படுவதற்கு முன் எண்ணிப் பார்ப்போம்.

மாமாவின் நோட்டில் கடைசிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. சென்ற மாதம் அவரிடம் கேட்டு வாங்கி, என் குழு நண்பர்கள் நால்வரின் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஈப்போ நண்பர் இதைப் படிக்க நேர்ந்தால், ஐந்தாவது வரி அவருக்குத்தான்.