போடத் தெரிஞ்சால் கழற்றவும் தெரிய வேணும்

‘சூடோ மேக் இன்ஸ்டோல்.’ லினக்ஸ் பாடம் எடுக்கிற அநேகமானோர் இந்த வரியோடு கையைக் கழுவிவிடுகிறார்கள். கொன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டோல் என்று மூன்று கட்டளை, வேலை முடிஞ்சுது. பிறகு அந்த மென்பொருள் வேண்டாம் எண்டால்? ஒரு சொல்லும் இல்லை. இதைப் பாதிப் பாடம் என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

மூலநிரலைத் தொகுத்து நிறுவும்போது கோப்புகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வழக்கமாக ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ என்ற அடைவுக்குள் பின், லிப், ஷெயார் எனச் சிதறும். டெபியனிலும் உபுண்டுவிலும் எந்தப் பொதி எந்தக் கோப்பைக் கொண்டுவந்தது என்று கணக்கு வைப்பது டிபிகேஜி. மேக் இன்ஸ்டோல் அந்தக் கணக்கில் ஒரு வரியும் எழுதாது. கணக்கில் இல்லாததை ஆப்ட் எப்படி நீக்கும்?

‘மேக் அன்இன்ஸ்டோல் இருக்குதே’ எண்டு சிலர் சொல்லுவினம். நிரலை எழுதியவர் சேர்த்திருந்தால்தான் அது இருக்கும். சிமேக் அதைத் தானாக உருவாக்கித் தராது. சேர்த்திருந்தாலும், நிறுவிய அதே பதிப்பின் மூலநிரல், அதே அமைப்புகளோடு வேணும். இடம் காணாது எண்டு அந்த ஃபோல்டரை அழிச்சிருந்தால்?

தீர்வு புதுசில்லை. மேக் இன்ஸ்டோலுக்குப் பதிலாக செக்இன்ஸ்டோலை ஓட்டிப் பாருங்கோ. எந்தக் கோப்பு எங்கே போகிறது என்று அது கவனித்து, எல்லாவற்றையும் ஒரு டெப் பொதியாகக் கட்டி, டிபிகேஜி வழியாக நிறுவும். வேண்டாம் என்றால் ‘ஆப்ட் ரிமூவ்’ என்று எழுதிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆர்பிஎம் பொதியும் அதுக்குக் கட்டத் தெரியும். இது பிடிக்காட்டில் குனூ ஸ்டோ இருக்குது. அதில் ஒவ்வொரு மென்பொருளும் தனி அடைவில் இருக்கும், வெளியே இணைப்புகள் மட்டும்தான்.

‘செக்இன்ஸ்டோல் கட்டுவது முறையான பொதியே இல்லை, சார்புகளைத் தானாகக் கண்டுபிடிக்காது’ என்பது விசயம் தெரிந்தவர்களின் முறைப்பாடு. உண்மைதான். அதனால் அந்தப் பொதியை ஊருக்குப் பகிராதீர்கள். எங்கட கணினியைத் துப்புரவாக வைக்க அது தாராளம்.

வழி தெரியாத புதியவருக்குக் கிடைக்கிற அறிவுரை என்ன? ‘ஃபோமட் அடிச்சுப் போட்டுத் திரும்பப் போடு.’ இரண்டு தரம் அப்படிச் செய்தவர் மூன்றாம் தரம் லினக்ஸையே விட்டிடுவார். கட்டற்ற மென்பொருள் என்று மேடையில் முழங்குகிறோம். விரும்பியதைப் போடுவது மட்டுமா சுதந்திரம்? வேண்டாததைத் தடயமில்லாமல் கழற்றுவதும் அதுதானே.

இனி நிறுவும் வழியை எழுதுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நீக்கும் வரியையும் கீழே எழுதுங்கோ. எழுதாட்டில் அந்தப் பாடம் முடியேல்லை.