பட்டியல் சாதியும் காத்திருப்போர் பட்டியலும்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, எம்.எஸ்.டபிள்யூ. லிஸ்ட் எப்ப வரும்?" கேட்பவர்களுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம், பி.காம். என்று எதையோ படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்கள். நாலு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருப்பார்கள். துணிச்சல் உள்ள ஒன்றிரண்டு பேர் கியூட் தேர்வு எழுதி மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் வரை முயன்றிருப்பார்கள். அதன் பிறகு சத்தமே இருக்காது. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் அடித்தால் "வெப்சைட்டப் பாருங்க" என்பார்கள். வெப்சைட்டில் "விரைவில் அறிவிக்கப்படும்" என்று இருக்கும்.

எல்லாரும்தானே காத்திருக்கிறார்கள், இதில் சாதி எங்கே வந்தது என்று சிலர் கேட்பீர்கள். எல்லாரும் காத்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் காத்திருக்க ஆகும் செலவு எல்லாருக்கும் ஒன்றல்ல.

அப்பாவுக்கு மாதச் சம்பளம் உள்ள வீட்டில் இந்த இரண்டு மாதம் விடுமுறை. பிள்ளை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகும், அத்தை வீட்டுக்குப் போகும். காலனியில் இந்த இரண்டு மாதம் என்பது வருமானம் இல்லாத இரண்டு மாதம். பையன் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்பான், இல்லையென்றால் துணிக்கடையில் சேருவான். லிஸ்ட் வரும் நாளில் அவன் கையில் போன் இருக்காது, ஷிப்டு முடிந்த பிறகுதான் பார்ப்பான். பெண் பிள்ளை என்றால் கதை வேறு. "இன்னும் ரெண்டு வருசம் படிச்சு என்னடி பண்ணப்போற" என்று பாட்டி தொடங்கி வைப்பார், ஜாதகம் வெளியே வரும். இழுத்துக்கொண்டே போகும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் வாதத்தைப் பலவீனப்படுத்தும். கல்லூரிக்கு அது வெறும் அலுவலகத் தாமதம்.

பிறகு திடீரென்று ஒரு மாலை நேரத்தில் மெயில் வரும். இடம் கிடைத்துவிட்டது, மூன்று நாளுக்குள் முதல் தவணையைக் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு மாதம் காக்க வைத்தவர்களுக்கு நாம் மூன்று நாள் கூடக் காக்க வைக்கக் கூடாது. மூன்று நாளில் முப்பதாயிரம் புரட்ட முடிகிறவன் யார், கந்துவட்டிக்காரனிடம் போகிறவன் யார் என்பதில் சாதி இருக்கிறது. அரசாங்கத்தின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால். ஆனால் அது சேர்ந்த பிறகு விண்ணப்பித்து, சரிபார்த்து, பல மாதம் கழித்து வங்கிக் கணக்குக்கு வருகிற பணம். கல்லூரி கேட்பது வெள்ளிக்கிழமைக்குள்.

இடையில் கைவிட்டவர்களை யாரும் "நிராகரிக்கப்பட்டவர்" கணக்கில் எழுதுவதில்லை. "சேரவில்லை" என்று எழுதுவார்கள். ஆண்டு இறுதியில் எஸ்.சி. இடம் காலி, தகுதியான ஆட்கள் வரவில்லை என்று ஒரு வரி. அந்த வரியை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு. அதில் பட்டியல் சாதிக்கு 18, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடிக்கு 1. நாற்பது இடம் உள்ள ஒரு எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில் பட்டியல் சாதிக்கு ஏழு இடம், அதில் அருந்ததியருக்கு ஒன்று. பழங்குடிக்கு 0.4, அதாவது அரை ஆள் கூட இல்லை. இருளர் பிள்ளை ஒன்று காத்திருப்பது எந்தப் பட்டியலில் என்று யாராவது சொல்லுங்கள். மீதமுள்ள 31 சதவீதம் பொதுப் போட்டி. அது "மற்றவர்களுக்கு" ஒதுக்கப்பட்டதல்ல, எல்லாருக்கும் உரியது. நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளையைப் பொதுப் போட்டியில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு ஒதுக்கீட்டு இடத்தைத் தர வேண்டும். ஆனால் சாதிச் சான்றிதழைப் பார்த்ததும் எல்லாரையும் அந்த ஏழுக்குள் அடைத்து, எட்டாவது பிள்ளையைக் காத்திருப்போர் பட்டியலில் போடும் பழக்கம் சாகவில்லை. தரவரிசையை மதிப்பெண்ணோடு வெளியிட்டால் இது தெரிந்துவிடும். அதனால்தான் வெறும் பெயர்ப்பட்டியல் ஒட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் சமூகப்பணி சொல்லித்தரும் பழைய கல்லூரிகள் பல கிறித்தவ நிறுவனங்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு தருகிறது. சட்டப்படி சரி. அந்த நிறுவனங்களின் வாசலில் நிற்கும் தலித் கிறித்தவப் பிள்ளை மட்டும் பள்ளிச் சான்றிதழில் பி.சி. ஆகிவிடுகிறான். ஊரில் அவன் இருப்பது சேரியில்தான், அவன் தாத்தா புதைக்கப்பட்டது கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

இதையெல்லாம் தாண்டினால் நேர்முகத் தேர்வு. என் கோபம் அதிகம் இதில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், விழுப்புரம் பக்கம். தன் தெருவில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது, விதவைச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ.விடம் நடப்பது, நூறு நாள் வேலைக் கூலி வராதவர்களின் வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகம் போவது எல்லாம் அவள்தான். பத்தாம் வகுப்பிலிருந்தே செய்கிறாள். விண்ணப்பத்தில் "முன் அனுபவம்" என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டாள். இதையெல்லாம் எழுதம்மா என்றேன். எழுதினாள். நேர்முகத்தில் "சர்ட்டிபிகேட் எங்கே?" என்று கேட்டார்கள். லெட்டர்பேடு இல்லாத அனுபவம் அனுபவம் இல்லையாம். அவளுக்கு முன்னால் போன பையன் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப் செய்து லேமினேட் போட்ட சான்றிதழ் வைத்திருந்தான். அடுத்த கேள்விதான் முக்கியம். "நீங்க உங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் செய்வீங்களா? சமூகப்பணியாளர் நடுநிலையா இருக்கணுமே?"

இந்தக் கேள்வியை அந்தப் பையனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் சேரிக்கு வந்தால் சேவை மனப்பான்மை. அவள் தன் தெருவுக்கு உழைத்தால் பாரபட்சம். அவன் ஊரில் இரட்டைக் குவளை இருந்தால் அதைப் பற்றி அவன் என்ன செய்தான் என்று எந்த நேர்முகக் குழுவும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. "மெயில் பண்ணுவோம்" என்று அவளை அனுப்பினார்கள். மூன்று வாரம் ஆகியும் மெயில் வரவில்லை.

நேர்முகத்தில் சாதி வேலை செய்கிறது என்பது நம் கற்பனை அல்ல. டெல்லி ஜே.என்.யு.வில் பேராசிரியர் அப்துல் நாஃபே தலைமையிலான குழு, வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணில் பாகுபாடு தெரிகிறது, அதை 30-லிருந்து 15 ஆகக் குறைக்க வேண்டும் என்று 2016ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு யு.ஜி.சி. என்ன செய்தது தெரியுமா? எம்.பில்., பிஎச்.டி. சேர்க்கையில் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, முடிவை வாய்மொழித் தேர்வின் கையில் கொடுத்தது. சேலத்து முத்துகிருஷ்ணன் பலமுறை முயன்று அங்கே இடம் பிடித்தவர். சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதினார். சில நாளில், 2017 மார்ச்சில், அவர் உடல்தான் சேலத்துக்கு வந்தது. அது வரலாற்றுத் துறை, இது சமூகப்பணி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

நடுநிலை பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கடிதத்தை நினைவுபடுத்த வேண்டும். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அதன் சூட்டோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னால் ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது அதுதான். அதன் செயலாளர் ஏ.வி. தக்கருக்கு நவம்பர் மாதம் லண்டன் போகும் கப்பலிலிருந்து பாபாசாகேப் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். நாலு பேருக்கு நல்லொழுக்கம் சொல்லித்தருவது வேலை இல்லை, கிணற்றிலும் பள்ளியிலும் பொது இடத்திலும் உரிமையை நிலைநாட்டுவதுதான் வேலை என்றார். நேசிப்பவர்தான் தொண்டு செய்ய முடியும், அப்படிப்பட்ட ஊழியர்கள் தீண்டப்படாதோரிடமிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதினார். அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விக்கு அன்றே எழுதப்பட்ட விடை இது. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை என்பதை 1945ல் வெளிவந்த காங்கிரசும் காந்தியும் பற்றிய தன் நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். பாபாசாகேபுக்கே பதில் போடாத துறை, நம் பிள்ளைக்கு மெயில் போடவில்லை என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!

நாலு வருடம் கழித்து, 1936ல், இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி பம்பாயில் டாடா பெயரில் தொடங்கியது. 'சாதி ஒழிப்பு' அச்சில் வந்ததும் அதே ஆண்டு, அதே ஊர். இரண்டும் ஒன்றையொன்று வகுப்பறையில் சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பின்னாளில் அதே டாடா நிறுவனத்தில் தலித், பழங்குடி ஆய்வுகளுக்கென்று சமூகப்பணி முதுகலையில் தனிப் பிரிவு வந்தது. அதைச் சாதித்தவர்கள் உள்ளே போய்ச் சண்டை போட்ட நம் ஆட்கள். 2018 பிப்ரவரியில் விடுதி, உணவுக் கட்டணச் சலுகையைப் பறித்ததற்கு எதிராக நான்கு வளாகங்களிலும் வகுப்பைப் புறக்கணித்தவர்களும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான்.

இங்கே பாடத்திட்டம் இன்னும் லண்டன் தரும சங்கங்களிலும் சிகாகோவின் ஹல் ஹவுசிலும்தான் தொடங்குகிறது. படிக்கட்டும், ஜேன் ஆடம்ஸ் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 1916ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கிய சுவாமி சகஜானந்தாவும், சென்னையில் அருந்ததியப் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்திய எல்.சி. குருசாமியும் எந்த யூனிட்டில் வருகிறார்கள்? நம் தெரு மட்டும் எல்லா யூனிட்டிலும் வருகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி, வருடத்துக்கு ஒரு கிராம முகாம். சேர்ந்த பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு காலனிக்கு வந்து, வீட்டுக்கு எத்தனை பேர், கழிவறை உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று எழுதிப்போவார்கள். லிஸ்டுக்குக் காத்திருந்து ஓய்ந்துபோன நம் பெண், அந்த நோட்டில் "பயனாளி" ஆகிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். களமாக இருக்க நமக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, காத்திருப்போர் பட்டியலும் கிடையாது.

கல்லூரிகளிடம் கேட்பது பெரிய புரட்சி இல்லை. லிஸ்ட் வரும் தேதியை விண்ணப்பத்திலேயே அச்சடியுங்கள். தரவரிசையை நேர்முக மதிப்பெண்ணோடு போடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று ஒரு மெயில் போடுங்கள், அந்தப் பிள்ளை அடுத்த வேலையைப் பார்க்கும். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிள்ளையிடம் சேரும் நாளில் கட்டணம் கேட்காதீர்கள். இது கருணைக் கோரிக்கை அல்ல. மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறையிலேயே ஃப்ரீஷிப் கார்டு இருக்கிறது, முன்பணம் இல்லாமல் சேர்த்துக்கொள்வதற்காகத்தான் அது. தமிழ்நாட்டில் 2012ன் அரசாணை 92 இருக்கிறது, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு ஏற்கிறது. அலுவலக மேலாளர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு விரும்பிய கல்லூரியில் இடம் கிடைத்தால் பயப்படாமல் மாறுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே உத்தரவு போட்டிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கொடுத்த கடிதத்துக்கு அலுவலகத்தில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ என்றால் உங்கள் நேர்முக மதிப்பெண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், மனு எழுத நாங்கள் உதவுகிறோம். விழுப்புரத்துப் பெண்ணுக்காகவும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். லிஸ்ட் வந்த பிறகு போனால் தாசில்தார் லீவில் இருப்பார்.