காய்ச்சிய பாலிலும் நஞ்சு உண்டோ?

பாலைக் காய்ச்சாது பருகலாகாது என்பது நம் இல்லங்களில் வழிவழி வந்த நல்வழக்கம். காசநோய்க் கிருமி முதலியன கொதித்த பாலில் உயிர்வாழா. அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு நாம் ஒருபோதும் சொல்லோம். ஆயினும், பால் பொங்கிவிட்டால் தீங்கு யாவும் நீங்கிற்று எனக் கருதுதல் முழு உண்மையாகாது.

யப்பானில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குவோம். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில், ஹொக்கைடோத் தீவிலுள்ள பாற்றொழிற்சாலையொன்றில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. குளிர்ந்திருக்க வேண்டிய பால் வெதுவெதுப்பாகவே நின்றது. பின்னர் முறைப்படி வெப்பமூட்டப்பெற்றுப் பால்மாவாயிற்று. அம்மாவைக் கொண்டு ஆக்கிய பாலுணவுகளைக் கோடையிலே ஒசாக்கா நகரிலும் அயலிலும் உட்கொண்டோருள் 13,000 பேருக்கு மேற்பட்டோர் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் வருந்தினர். கிருமிகள் வெப்பத்தால் மாண்டன. அவை சுரந்த நஞ்சு மாளவில்லை.

அக்கிருமியின் பெயர் ஸ்டபைலோகொக்கஸ் ஓரியஸ். திராட்சைக் குலைபோற் கூடி வாழும் இப்பற்றீரியா மனிதரின் மூக்கிலும், தோலிலும், கைப்புண்ணிலும், மடிநோயுற்ற பசுவின் மடியிலும் உறைவது. இளஞ்சூடான பாலிலே பல்கிப் பெருகுங்கால் நஞ்சைச் சுரக்கின்றது. அந்நஞ்சு கொதிநீரின் வெப்பத்தை அரைமணி நேரமும் தாங்கவல்லது. மணத்தாலோ சுவையாலோ அதனை அறிதல் இயலாது.

இக்கிருமியிடம் வேறொரு வலிமையும் உண்டு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், மருந்தை அளவு குறைத்துக் கொடுத்தால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945ஆம் ஆண்டு நோபெற் பரிசுப் பேருரையிலேயே எச்சரித்தார். அவ்வாறே ஆயிற்று. மெதிசிலின் என்னும் புதுமருந்துக்கும் அடங்காத ஸ்டபைலோகொக்கஸ் 1961இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. மடிநோய்க்கு மிருக வைத்தியரைக் கேளாது மருந்து செலுத்துவதும், அவர் குறித்த அளவைக் குறைப்பதும் இத்தகைய கிருமிகளுக்கே துணைபுரியும். அவை பச்சைப் பாலோடு நம் அடுக்களைக்கும் வரக்கூடும்.

ஆகவே, காவல் அடுப்பங்கரையிலன்று, தொழுவத்திலேயே தொடங்க வேண்டும். கறப்பவர் கையையும் பசுவின் மடியையும் தூய நீரினாற் கழுவித் துடைத்தல் வேண்டும். கையிற் புண்ணுள்ளோர் கறத்தலாகாது. மடி வீங்கியோ, பால் திரிந்தோ காணப்படின் அப்பாலை விலக்குக. மருந்து செலுத்திய பசுவின் பாலை வைத்தியர் குறித்த நாள் கழியும்வரை விற்றலும் பருகலும் தகா.

இல்லத்தரசியர் செய்ய வேண்டியது ஒன்றே. காலையில் வந்த பாலை நண்பகல்வரை வைத்திருந்து காய்ச்சாதீர்கள், வந்தவுடன் காய்ச்சுங்கள். காய்ச்சியதையும் விரைவில் ஆறச்செய்து, மூடிக் குளிரில் வையுங்கள். பால் வாங்கும்போது விலையை மட்டும் விசாரியாது, கறந்த நேரத்தையும் கேட்டறிதல் நன்று.