யாருக்கு என்ன நஷ்டம்?

ஊர்ப்பக்கம் நடக்கிற மினி மாரத்தானில் முதல் இரண்டு பேர், "நீ ஃபர்ஸ்ட், நான் செகண்டு, பணம் பாதிப் பாதி" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஓடுவதாக அடிக்கடி காதில் விழுகிறது. இங்கே வேங்கிக்காலில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலர் அதற்கு வக்காலத்தே வாங்குகிறார்கள். "அவங்க உழைப்பு, அவங்க பணம். யாருக்கு என்ன சார் நஷ்டம்?"

2024 ஏப்ரல் 14 அன்று பெய்ஜிங்கில் அரை மாரத்தான் நடந்தது. நம் கிரிவலப் பாதையை ஒன்றரைச் சுற்று ஓடினால் எவ்வளவோ, அவ்வளவு தூரம். கடைசிக் கட்டத்தில் கென்யாவின் ராபர்ட் கெட்டர், வில்லி ம்னங்கட், எத்தியோப்பியாவின் டெஜெனே ஹைலு மூவரும் வேகத்தைக் குறைத்து, சீனாவின் ஹெ ஜியேவுக்குக் கைகாட்டி வழிவிட்டார்கள். அவர் 1 மணி 3 நிமிடம் 44 வினாடியில் ஜெயித்தார். மூவரும் சொல்லி வைத்தாற்போல ஒரே ஒரு வினாடி பின்னால்! ம்னங்கட் முதலில் "அவர் என் நண்பர்" என்றார். பிறகு, சீன தேசிய சாதனையை முறியடிக்க உதவுவதற்காக பேஸ்மேக்கராக அமர்த்தப்பட்டேன் என்றார். அந்தச் சாதனையும் முறியவில்லை. ஐந்தே நாளில் நான்கு பேரின் முடிவும் ரத்து. பதக்கமும் பரிசுப் பணமும் போயின.

பேஸ்மேக்கர் என்றால் நம் வயசில் நெஞ்சுக்குள் வைக்கிற சாதனம்தான் ஞாபகம் வரும். ஓட்டத்தில் அது ஆள். முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பவர். அதில் தப்பே இல்லை. 1954-ல் ஆக்ஸ்போர்டில் பானிஸ்டர் நாலு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது பிராஷரும் சாட்டவேயும் மாறி மாறி முன்னால் ஓடிக் கொடுத்தது எல்லார் கண்ணெதிரிலும்தான். 1994 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானில் பால் பில்கிங்டன் வேகம் பிடிக்க அமர்த்தப்பட்டவர். பின்னால் இருந்தவர்கள் நெருங்கி வரவேயில்லை; மனுஷன் நிற்காமல் ஓடி, பந்தயத்தையே ஜெயித்துவிட்டார். வேகம் பிடிக்கக் கூலி வாங்கலாம். தோற்பதற்கு வாங்கலாமா? பெய்ஜிங்கில் அந்த மூவரின் நெஞ்சில் பேஸ்மேக்கர் என்ற அட்டைகூடக் கிடையாது. பார்த்த ஜனங்களுக்கு அவர்களும் போட்டியாளர்கள்தான்.

நஷ்டம் மூன்றாவதாக வருகிற பையனுக்கு. முன்னால் போகிற இருவரும் நிஜமாகவே மோதினால் ஒருவனாவது கடைசி கிலோமீட்டரில் களைத்துப் பின்தங்குவான். அதை நம்பித்தான் மூன்றாமவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு துரத்துகிறான். பேசி வைத்த இருவரோ தெம்பை மிச்சம் பிடித்துக்கொண்டு, இவன் நெருங்கும்போது மட்டும் விரட்டி ஓடுகிறார்கள்.

பரிசு வாங்கிய பிறகு வீட்டுக்குப் போய் நண்பனுக்குப் பாதி கொடுத்தால் அது அவன் தாராளம். நான் கேட்க யார்? ஆனால் ஓடுவதற்கு முன்பே யார் ஜெயிப்பது என்று முடிவானால், அமைப்பாளர்கள் இருவர் பரிசையும் நிறுத்திவிட்டு மூன்றாமவனை மேடைக்குக் கூப்பிட வேண்டும். இதை ஓட்டம் தொடங்குமுன் மைக்கிலேயே சொல்லிவிடட்டும்.