மலைநடைக்கு ஓர் அடுப்பு

இமயமலைச் சாரலில் நாலைந்து நாள் கால்நடையாகச் சென்று கூடாரத்தில் தங்கிவரும் ஆசை நமது குடும்பங்களிலும் பரவி வருகிறது. சந்தோஷமே. ஆனால் அடுப்பையும் பாத்திரத்தையும் முதுகிலேயே சுமக்க வேண்டுமல்லவா? தாய், தந்தை, ஒரு குழந்தை என மூவர் செல்வதானால் எவை உசிதம் என்று பார்ப்போம்.

கடைக்காரர் முதலில் அடுப்பின் எடையைச் சொல்லுவார். நாம் முதலில் விசாரிக்க வேண்டியதோ எரிபொருளை. வாயுக் குப்பியையும் மண்ணெண்ணெயையும் ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகலாகாது. ஆகவே, போய் இறங்கும் ஊரில் எது விலைக்குக் கிடைக்குமோ, அதில் எரியும் அடுப்பையே வாங்க வேண்டும். குப்பியின் வாய் நமது அடுப்புக்குப் பொருந்துமா என்பதையும் புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நலம்.

ஸ்பிரிட் அடுப்பு மிக இலேசானது. எனினும் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குப் புலப்படாது. குழந்தை உள்ள இடத்தில் அது வேண்டாம். சுவீடனில் 1892-ல் தோன்றிய பிரைமஸ், நம் பாட்டிமார் பம்பு அடித்துப் பழகிய அடுப்புத்தான். கடுங்குளிரிலும் கைவிடாது. ஆனால் கனமும் வாடையும் அதிகம். எஞ்சுவது வாயு அடுப்பு. வெறும் பியூட்டேன் நீர் உறையும் குளிரில் ஆவியாகாமல் அடங்கிவிடுமாகையால், புரொப்பேன் கலந்த குப்பியே வாங்கத்தக்கது.

வாயு அடுப்பிலும் இருவகை உண்டு. குப்பியின் தலைமேல் திருகுவது ஒன்று. குழாயால் இணைத்துத் தரையில் வைப்பது மற்றொன்று. முன்னது ஏறத்தாழ 100 கிராம் குறைவு. தனியே செல்லும் வாலிபருக்கு அது போதும். ஆனால் அவ்வளவு உயரத்தில் இரண்டு லிட்டர் வெந்நீர் ஆடிக்கொண்டு நிற்க, பக்கத்தில் குழந்தை ஓடி விளையாடுவதை எந்தத் தாய் சகிப்பாள்? மேலும், அதைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு வைத்து மூடினால் குப்பி சூடேறி வெடிக்கும் அபாயமுண்டு. தரையடுப்பில் குப்பியை வெளியே ஒதுக்கிவிட்டுச் சுவாலையை மட்டும் மறைக்கலாம். அந்த 100 கிராமைச் சுமப்பதே விவேகம்.

பாத்திரத்திற்கு டைட்டானியம் என்று சிலர் பெருமை பேசுவார்கள். விலையோ மிக அதிகம். உஷ்ணத்தைக் கடத்தும் சக்தியோ அலுமினியத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. நடுவில் உப்புமா கருகும், ஓரத்தில் ரவை வேகாது! நமது பாத்திரக் கடையிலேயே கிடைக்கும் அகன்ற, தாழ்ந்த, இரண்டு லிட்டர் அலுமினியப் பாத்திரம், இறுக்கமான மூடி, ஓர் இடுக்கி ஆகியவை மூவருக்குப் போதும். இதற்காக அந்நியச் சரக்கைத் தேடுவானேன்?

3,000 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசி வேக நேரமாகும். பருப்போ பொறுமையைச் சோதிக்கும். அவல், வறுத்த ரவை, சேமியா ஆகியவற்றை எடுத்துச் சென்றால் எரிபொருள் மிச்சம். காற்றில்லாத இடத்தில், மூடியிட்டுக் காய்ச்சினால், ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 15 கிராம் வாயு செலவாகும். நாளுக்கு நாலு லிட்டர் என்று கொண்டால், 230 கிராம் குப்பி நாலு நாளைக்குச் சற்று இழுபறிதான்; சிறு குப்பி ஒன்று உபரியாக இருக்கட்டும்.

மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டலாகாது. எரியும் வாயுவிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். அத்தகைய இரவில் ஊறவைத்த அவலும் வெல்லமுமே இராச்சாப்பாடு.